முட்டத்தில் ஒரு செயின் சத்தம்

நாங்கள் வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சுப் பழத்தையே எடுத்து மதலேனம்மாள் எங்கள் மீது எறிந்தார். முதல் பழம் தேவகனி அக்காவின் தோளில் பட்டது. இரண்டாவதை நான் பிடித்துவிட்டேன். பழம் விற்கிற விலைக்குக் கீழே விட மனசு வருமா?

"அனீஷுக்க பெண்டாட்டி அனுப்பின ஆளுவதானே நீங்க? எறங்கிப் போங்க! இல்லேன்னா அடுத்து மூத்திரச் சட்டிதான் வரும்!"

நாகர்கோவில் ஆஸ்பத்திரியின் அந்த வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. உதவி செய்ய வருகிறவனுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை இதுதான்.

மதலேனம்மாள் முட்டத்தில் மீன் விற்கிறவர். போன சனிக்கிழமை, நேரம் வெளுக்கும் முன்பு, மீன் ஏலத்துக்காகக் கடலோரக் கடப்புறம் பார்த்து நடந்துபோனவரைப் பின்னால் வந்த ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. வண்டியை அவர் பார்க்கவில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன சத்தம் எந்த வண்டியுடையது என்று முட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். விசைப்படகு முதலாளி சூசைநாயகத்தின் பழைய வெள்ளை டீசல் கார்.

நேற்று அந்தக் காரின் டிரைவர் அனீஷ் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான் இடிச்சேன்" என்று சொல்லிவிட்டான். இப்போதைக்கு அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்; நாளைக் காலையில் எஸ்.ஐ. சத்தியராஜ் வந்து காரையும் அவனையும் சேர்த்துக் கொண்டுபோகப் போகிறார். அதற்குப் பிறகு கோர்ட்டு, சிறை, லைசென்ஸ் காலி. அனீஷின் மனைவி ஜெனிலா எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வந்து மேசையில் அடித்துச் சொன்னாள்: "அவரு இடிக்கல. ஆனா அவரே ஆமாங்காரு. ரெண்டுல எது பொய்யின்னு கண்டுபிடிச்சுத் தாங்க."

தேவகனி அக்கா போலீசில் ஏட்டாக இருந்தவர். மேலதிகாரியின் முகத்துக்கு நேராக அவன் வாங்கிய லஞ்சத்தைச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். நான் ஞானசிங், அவருடைய உதவியாள். அதற்கு முன்னால் பழைய கார் புரோக்கர். யோக்கியனா என்று கேட்காதீர்கள், புரோக்கர் என்று சொல்லிவிட்டேனே.

அக்கா விழுந்த பழத்தை எடுத்துச் சேலையில் துடைத்துக் கட்டிலில் வைத்தார். "அம்மா, நாங்க அனீஷுக்காகப் பேச வரல. அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. பொறவு நாங்களே போயிருதோம்."

"எத்தன பேருக்குச் சொல்ல? பொறத்தால கடகடகடன்னு ஒரு சத்தம். டப்பாக்குள்ள ஆணியப் போட்டுக் குலுக்கினா எப்படி இருக்கும், அப்படி. திரும்பிப் பாக்கதுக்குள்ள தூக்கி எறிஞ்சிட்டான்."

"நீங்க விழுந்த பொறவு சத்தம் நின்னுதா?"

"எங்க நின்னுது? நான் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கேன், எனக்க தலமாட்டுல நின்னு கடகடன்னு அடிச்சுது. கொஞ்ச நேரம் கழிஞ்சு பைய உருண்டு போச்சு. போவும்பம் சத்தம் இல்ல."

"நீங்க விழுந்த எடத்துல வண்டி ஏதாவது நின்னுதா?"

"நான் விழுந்தது சூசநாயகத்துக்க வாசலுக்கு நேர. மவ பெபிஷாவுக்குக் கல்யாணம் முடிஞ்ச வீடு. ரோட்டோரம் பத்து வண்டி நிக்கும். எனக்கென்ன?" அவர் குரல் திடீரென்று உடைந்தது. "அந்த அனீஷு பய எனக்க மடியில கெடந்து வளந்தவன். இடிச்சாலும் போட்டு. எறங்கி ஒரு மடக்கு வெள்ளம் தராமப் போயிட்டானே, பாவி!"

நாங்கள் மேலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூத்திரச் சட்டி வந்திருக்கும்.

வெளியே பைக்கை எடுக்கும்போது அக்கா கேட்டார். "ஏலே சிங்கு, அது என்ன சத்தம்?"

"டைமிங் செயின் அக்கா. இன்ஜினுக்குள்ள கீழ் ஷாப்டையும் மேல் ஷாப்டையும் சேத்துப் பிடிக்கிற சங்கிலி. அதைத் தொய்யாம இழுத்துப் பிடிக்க டென்ஷனர்னு ஒண்ணு உண்டு. அது ஆயிலுக்க பிரஷர்ல வேலை செய்யும். வண்டி பழசாச்சுன்னா, ராத்திரி முழுக்க நிக்கும்போது ஆயில் கீழ எறங்கிரும். காலையில ஸ்டார்ட் பண்ணினா, ஆயில் மேல ஏறுற வரைக்கும் செயின் தொங்கிக்கிட்டுக் கவருல அடிக்கும். ஆயில் ஏறினதும் பூனை மாதிரி அடங்கிரும்."

"ஓடிக்கிட்டு இருக்கும்போது அடிக்காதா?"

"செயின் ரொம்பத் தேஞ்சு போச்சுன்னா எப்பவும் அடிக்கும். தேய்மானம் கம்மின்னா, குளிர்ந்து கெடக்கிற இன்ஜின்ல முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும். இது எந்த ரகம்னு கேட்டாத்தான் தெரியும். நான் புரோக்கரா இருக்கும்போது, வாங்குற ஆள் வர்றதுக்கு முன்னாடியே வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி வச்சிருவேன். சத்தமே கேக்காது."

"நீ ஜெயிலுக்குப் போகாம வெளிய சுத்துறதே ஒரு அதிசயம்," என்றார் அக்கா. பிறகு மாட்டப்போன ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "சூசைநாயகம் போலீசுல என்ன சொல்லியிருக்காரு? மாப்பிள்ளை வீட்டு ஆட்கள வெள்ளிக்கிழமை ராத்திரி அஞ்சுகிராமத்துல விடப் போன அனீஷ், அங்க இருந்து விடியக்காலம் நேரா முட்டத்துக்கு வந்தான், கண்ணசந்துட்டான், இடிச்சுட்டான். அப்படித்தானே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அஞ்சுகிராமம் மாவட்டத்தின் கிழக்குக் கோடி. அங்கிருந்து ஓடிவந்த இன்ஜின் முட்டம் வந்து சேரும்போது கொதித்துக்கொண்டிருக்கும்.

"போலாம்," என்றார் அக்கா. "அந்த வண்டிய ஒரு தடவ நான் கேக்கணும்."

சூசைநாயகத்தின் வீட்டு முற்றத்தில் கல்யாணப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. நேற்று போலீஸ் பார்த்துவிட்டுப் போன இடத்திலேயே கார் அசையாமல் நின்றது. முன் பம்பரில் ஒரு கீறல். எங்களைக் கண்டதும் முதலாளி நாயை அவிழ்த்துவிடவில்லை, அவரே குரைத்தார்.

"ஆரக் கேட்டு உள்ள வந்திய? டிரைவர்காரன் இடிச்சான், அவனே ஒத்துக்கிட்டான். இதுல தோண்டுததுக்கு என்ன இருக்கு?"

"தோண்ட வரல," என்றார் அக்கா அமைதியாக. "நாளைக்குக் கோர்ட்டுல வக்கீல் ஒரு கேள்வி கேப்பாரு. கெழவி காதுல விழுந்தது இந்த வண்டிச் சத்தம்தானா? இந்த வண்டியில அப்படிச் சத்தமே வராதுன்னு ஜெனிலா சொல்லுதா. சத்தம் இல்லேன்னா கேஸே நிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கேஸ் நிற்க வேண்டும் என்பதில் சூசைநாயகத்துக்கு எவ்வளவு ஆசை என்று அவர் முகமே சொன்னது.

"சத்தம் வராதா? காலையும் கத்தும், ராத்திரியும் கத்தும், எப்பவும் கத்தும்! செவி இருந்தாக் கேட்டுக்கிடுங்க!"

அவரே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கடகடகடகட! ஆணி டப்பாதான். மதலேனம்மாள் சரியாகத்தான் சொல்லியிருந்தார். சூசைநாயகம் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டு, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைத் தொட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஒரு அப்பாவியை மாட்டிவிடுகிற ஆள் என்று எங்களுக்குச் சந்தேகம், அவருக்கோ பக்தி பொங்கி வழிகிறது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவர் முணுமுணுத்து முடிப்பதற்கும் சத்தம் அடங்குவதற்கும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கியரைப் போட்டு, வண்டியைப் பந்தல் நிழலுக்கு நகர்த்தினார்.

"இப்ப சத்தம் இல்லியே?" என்றேன்.

"வரும், போவப் போவ வரும்!"

"ஆஃப் பண்ணிட்டு மறுபடியும் போடுங்க," என்றார் அக்கா.

போட்டார். சத்தம் இல்லை. மறுபடி போட்டார். அப்போதும் இல்லை. சாவியைத் திருப்பித் திருப்பி அவர் கைதான் வலித்திருக்கும், இன்ஜின் வாயைத் திறக்கவில்லை.

நான் பானட்டைத் தூக்கி, ஆயில் அளக்கிற கம்பியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தேன். கூழ் மாதிரி கெட்டியாக இருந்தது. "முதலாளி, இது கார் ஆயில் இல்லியே?"

"வள்ளத்துக்கு வாங்கின ஆயிலு பீப்பாயில கெடக்கு. காருக்குன்னு தனியா வாங்கணுமா? இன்ஜின்னா எல்லாம் இன்ஜின்தான்!"

கடப்புறத்தில் பலபேர் செய்கிற தப்பு இது. படகு இன்ஜினுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில் இந்தச் சின்ன இன்ஜினில் மேலே ஏறவே நேரம் எடுக்கும். அதனால்தான் மற்ற கார்களில் சட்டென்று அடங்குகிற சத்தம் இதில் இவ்வளவு நேரம் நீள்கிறது. கூடவே, குளிரில் இன்ஜின் தானாகவே வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் கிளட்ச்சை விட்டால் வண்டி துள்ளும்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு இளைஞன் எட்டிப் பார்த்தான். புது வேட்டி, கையில் புது மோதிரம். "மாமா, என்ன பிரச்சினை?"

"நீங்க உள்ள போங்க மாப்பிள்ள!" சூசைநாயகம் எங்கள் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "இவரு ஜிபின், எனக்க மருமவன். கத்தாருல பெரிய கம்பெனியில இருக்காரு. இந்த வண்டிய இவரு தொட்டதுகூட கெடையாது. இவர கேஸுல இழுக்கலாம்னு நெனச்சா நடக்கிறது வேற!"

மருமகனைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வெளியே வந்தோம். பின்னால் கேட் அறைந்து சாத்தப்பட்டது.

"சூடான இன்ஜின் கத்தாது," என்றார் அக்கா. "கெழவி கேட்டது குளிர்ந்த இன்ஜின். அந்த வண்டி அஞ்சுகிராமத்துல இருந்து வரல. ராத்திரி முழுக்க இந்த வீட்டு வாசல்லதான் நின்னிருக்கு."

"அப்போ அனீஷ் பொய் சொல்லுறான்."

"அவன்கிட்டயே கேப்போம்."

அனீஷின் வீடு அதே ஊரில், பாறைக்கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் காப்பாற்ற வந்த ஆள் எங்களை வாசற்படிக்கு மேலே ஏற விடவில்லை.

"நான்தான் இடிச்சேன். போதுமா? எழுதிக்கிட்டுப் போங்க."

"எங்க இருந்து வந்த?" என்று கேட்டார் அக்கா.

"அஞ்சுகிராமத்துல இருந்து."

"வழியில எங்கயாவது நிறுத்தித் தூங்கினியா?"

"இல்ல. நேரா வந்தேன்."

"பொறவு எப்படி மக்கா செயின் கத்திச்சு?"

அவன் முகம் மாறியது. அந்த வண்டியை அவன் அளவுக்குத் தெரிந்தவன் யாரும் இல்லை, கேள்வியின் அர்த்தம் அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஒங்க வேலையப் பாத்துட்டுப் போங்க! எனக்க குடும்பத்துல மண்ண அள்ளிப் போடாதிய!" என்று கத்தியபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். சிறைக்குப் போக இவ்வளவு அவசரப்படுகிறவனை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வாங்க அக்கா, கெடந்து சாவட்டும்," என்றேன்.

ஜெனிலா பின்வாசல் வழியாக ஓடி வந்து எங்களை மறித்தாள். மூச்சு வாங்கியது. "வெள்ளிக்கிழம ராத்திரி அவரு எனக்க பக்கத்துலதான் ஒறங்கினாரு. அஞ்சுகிராமத்துக்குப் போயிட்டு ராத்திரியே திரும்பி வந்து, வண்டிய மொதலாளி வீட்டு வாசல்ல விட்டுட்டு நடந்து வந்தாரு. இப்ப கேட்டா, 'கத்தாருக்கு டிரைவர் விசா கெடைக்கப் போவுது, வாய மூடிட்டு இரு'ன்னு சொல்லுதாரு. இடிச்சவனுக்கு ஆரும் விசா குடுப்பாவளா?"

"விசா யாரு தர்றாங்க?"

"அந்த மாப்பிள்ளக்காரருதான்."

"அப்போ ஆதாயம் இருக்கு," என்றேன். "ஆனா பெண்டாட்டி சொல்ற சாட்சிய எஸ்.ஐ. காதுல வாங்க மாட்டாரு. ராத்திரி வாசல்ல விட்டவன் விடியக்காலம் வந்து எடுத்திருக்கலாம்லா?"

ஜெனிலா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "எடுத்திருந்தா மதலேன அத்தைக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்காது! அந்தச் சவத்து வண்டிய எடுக்கணும்னா ஒரு 'மரியே வாழ்க' ஜெபம் சொல்லி முடிக்கணும். அதுவர கியர்ல கை வைக்க மாட்டாரு. மொதலாளியும் அப்படித்தான், பெபிஷாவும் அப்படித்தான். அவிய வீட்டுச் சட்டம் அது. ஜெபம் முடியவும் சத்தம் நிக்கவும் சரியா இருக்கும். நான் ஒரு நாள் அவசரத்துக்கு, 'பாதி ஜெபத்துல எடுங்களேன்'னு கேட்டதுக்கு எனக்க மேல எரிஞ்சு விழுந்தாரு."

தேவகனி அக்கா அப்படியே நின்றுவிட்டார். பிறகு தன் நெற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார்.

"ஏலே சிங்கு! நீயும் நானும் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போறவங்களா இருந்ததுதான் தப்பு. அங்க மாதா ஜெபம் கெடையாதுல்லா. அந்த மனுஷன் பக்தியில முணுமுணுக்காருன்னு நெனச்சோம். அவரு நேரம் அளந்திருக்காரு!"

எனக்கும் மண்டையில் ஏறியது. மதலேனம்மாள் என்ன சொன்னார்? சத்தம் வந்தது, திரும்புவதற்குள் இடித்தது, விழுந்து கிடக்கும்போதும் சத்தம் அடித்துக்கொண்டே இருந்தது. இடித்தவன் ஜெபம் சொல்லவில்லை. சத்தம் அடங்கக் காத்திருக்கவும் இல்லை. சாவியைத் திருப்பியதும் கியரைப் போட்டிருக்கிறான், குளிர்ந்த இன்ஜின் துள்ளிப் பாய்ந்திருக்கிறது.

"அப்போ அனீஷும் இல்ல, சூசைநாயகமும் இல்ல, அந்தப் பிள்ளை பெபிஷாவும் இல்ல," என்றேன். "மரியே வாழ்க சொல்லிப் பழக்கமில்லாத ஆள் யாரு? நாம ரெண்டு பேருதான்."

"இன்னொரு ஆளும் இருக்கான். மாப்பிள்ளை ஜிபின். அஞ்சுகிராமத்துப் பையன், நம்ம சபைக்காரன்னு பந்தல் போர்டுலயே போட்டிருக்கு."

"அவன் வண்டியத் தொட்டதே இல்லியாமே?"

"அதத்தான் பாக்கணும். நாளைக்குக் காலையில அந்த இன்ஜின் குளிர்ந்து கெடக்கும். ஒரே ஒரு தடவதான் சத்தம் போடும். அந்த ஒரு தடவ சாவி யாரு கையில இருக்குங்கிறதுதான் கேஸ்."

மறுநாள் காலையில் எஸ்.ஐ. சத்தியராஜின் ஜீப்புக்குப் பின்னாலேயே நாங்களும் போய் இறங்கினோம். எஸ்.ஐ. எங்களைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"வேலைய விட்டுட்டுப் போன ஏட்டம்மாவுக்கு ஸ்டேஷன் மேல இன்னும் பாசம் போகலியோ? ஓரமா நின்னு வேடிக்கை பாருங்க. வாயத் தொறந்தா ரெண்டு பேரையும் சேத்து ஏத்திருவேன்."

அனீஷ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நின்றான். சூசைநாயகம் வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஜிபின் படியில் நின்றான், அவனுக்குப் பின்னால் கதவோரம் பெபிஷா. ஜெனிலா கேட்டருகே, காருக்கு நேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போகச் சொல்லியும் போகவில்லை.

"எடுடே வண்டிய, ஸ்டேஷனுக்கு," என்றார் எஸ்.ஐ. அனீஷிடம்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் அக்கா. "குற்றவாளியே சாட்சிப் பொருள ஓட்டிக்கிட்டு வந்தான்னு நாளைக்கு எதிர் வக்கீல் கேட்டா, பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்."

எஸ்.ஐ. பல்லைக் கடித்தார். அது உண்மை என்பதுதான் அவருக்கு எரிச்சல். "அப்போ முதலாளி, நீரு எடும்."

"அவரு வாக்குமூலம் கொடுத்த சாட்சி சார்."

"நான் வேணா ஓட்டட்டுமா?" என்றேன் பவ்யமாக.

"நீயா? ஒங்கையில குடுத்தா வண்டி ஸ்டேஷனுக்கு வராது, வேற நம்பர்ல மார்த்தாண்டத்துல நிக்கும்." எஸ்.ஐ. சுற்றிப் பார்த்தார். "ஜீப்ப நானே ஓட்டணும், எனக்க கான்ஸ்டபிளுக்கு பைக்குதான் ஓட்டத் தெரியும். தம்பி, ஒங்களுக்கு லைசென்ஸ் இருக்கா? நீங்க எடுங்க."

"அவரு வேண்டாம்!" என்று கத்தினார் சூசைநாயகம்.

அந்தக் கத்தலில் பந்தலில் உட்கார்ந்திருந்த காகமே பறந்துவிட்டது. எஸ்.ஐ. மெல்லத் திரும்பினார். "ஏன் வேண்டாம்?"

ஜிபின் வியர்த்த முகத்தோடு படியிறங்கி வந்து காரில் உட்கார்ந்தான். அவனுக்கு இதற்குள் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்? அவன் காத்திருந்துவிட்டால்? எங்களிடம் வேறு துருப்பு எதுவும் இல்லை. அனீஷ் அப்படியே ஜீப்பில் ஏறிவிடுவான்.

சாவி திரும்பியது. கடகடகடகட!

"சீக்கிரம் எடுங்க தம்பி, ஆயிரம் வேலை கெடக்கு!" என்று எஸ்.ஐ. அதட்டினார்.

ஜிபினின் கை கியருக்குப் போனது. சத்தம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, ஜெனிலாவைப் பார்த்துப் பாய்ந்தது.

நான் கத்துவதற்குள் அனீஷ் பாய்ந்துவிட்டான். மனைவியை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளி, மறுகையால் பானட்டில் ஓங்கி அறைந்தான். வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. பம்பருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம்தான் இருந்தது.

"சத்தம் அடங்காம கியர் போடாதியன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னம்லா!" என்று அலறினான் அனீஷ். "ஒரு கெழவிய ஒடிச்சது போதாதா? எனக்க பெண்டாட்டியையும் கொல்லணுமா?"

ஜிபின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். பெபிஷா முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னைக்குச் சொன்ன?" எஸ்.ஐ.யின் குரல் இப்போது தணிந்திருந்தது. "இவரு இந்த வண்டியத் தொட்டதே இல்லேன்னு நேத்து எனக்கிட்ட சொன்னாவளே. என்னைக்கு மக்கா சொன்ன?"

அனீஷ் பானட்டிலிருந்து கையை எடுத்தான்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி, சாவி கொடுக்கும்போது," என்றார் தேவகனி அக்கா. "விடியக்காலம் மாமனாரு வீட்டு விருந்துக்கு நெய்மீன் வாங்கி அசத்தலாம்னு மாப்பிள்ளை சாவி கேட்டு வச்சிருப்பாரு. எடுத்ததும் துள்ளிச்சு, முன்னால போன அம்மா விழுந்தாங்க. பயத்துல ஓடிட்டாரு. சூடான இன்ஜின் கத்தாது சார், நான் நேத்தே கேட்டுப் பாத்தேன். இந்த வண்டி அன்னைக்கு அஞ்சுகிராமத்துல இருந்து வந்திருந்தா அந்தம்மா காதுல ஒரு சத்தமும் விழுந்திருக்காது."

"கள்ளம்! எல்லாம் கள்ளம்!" சூசைநாயகம் அக்காவை அடிக்கவே வந்துவிட்டார். நான் நடுவில் போய் நின்றேன். வீரத்தால் அல்ல, கால் தானாகப் போய்விட்டது. "அனீஷு, சொல்லுடே! ஆரு இடிச்சா? சொல்லு!"

"நான்தான்," என்றான் அனீஷ். குரலில் உயிரே இல்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கொதித்தான். "ஒங்கள ஆரு கூப்பிட்டா? கெடைக்க இருந்த ஒரு வழியையும் கெடுக்கியளே! ஆறு மாசம் உள்ள கெடந்துட்டு வந்தா கத்தாருக்குப் போயிருப்பேன். எனக்க பிள்ளையள மேல கொண்டு வந்திருப்பேன். ஆரு கூப்பிட்டா ஒங்கள?"

"நான்தான் கூப்பிட்டேன்."

ஜெனிலா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூட இல்லை. நேராக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. இந்தக் கேஸ அவிய ஒங்க தலையில ஏன் வச்சாவ?"

"மாப்பிள்ள மேல கேஸ் வந்தா அவரு திரும்பக் கத்தாருக்குப் போவ முடியாது. போலீசு சர்டிபிகேட் கெடைக்காது. அதான்..."

"கேஸ் இருந்தா அவரால போவ முடியாது," என்றாள் ஜெனிலா. "ஒங்களால மட்டும் முடியுமா?"

அனீஷ் மெதுவாகச் சூசைநாயகத்தைப் பார்த்தான். அத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த மனிதர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

அனீஷ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். எஸ்.ஐ. பக்கம் திரும்பினான்.

"எழுதுங்க சார்," என்றான். "வெள்ளிக்கிழம ராத்திரி சாவிய மாப்பிள்ளக்கிட்ட குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன்."